அரபுப் புரவியும் அதன்மேல் அமர்வோனும்

அரபு இனத்துக் குதிரைகளுக்கென்றே தனியாக நடத்தப்பெறும் காட்சிப் போட்டிகள் இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளைகுடா நாடுகளிலும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. வம்சப் பதிவேட்டில் பெயர் ஏறிய குதிரையாக இருத்தல் வேண்டும். அதற்குரிய சான்றிதழும் கையில் இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் நடக்கும் இப்போட்டிகளுள், புதிதாகக் குதிரையேறும் சிறுவர் சிறுமியர்க்கென ஒரு பிரிவு வைத்துள்ளனர். பத்து வயதுக்கு மேற்படாத குழந்தைகள் அதில் நடையும் துள்ளோட்டமும் காட்டினால் போதும். பாய்ச்சல் அவர்களிடம் கேட்கப்படுவதில்லை. பயின்றவனுக்கு ஒரு களம், பயிலத் தொடங்கியவனுக்கு வேறொரு களம் என்னும் இவ்வேற்பாடு மேனாட்டார் கண்ட புதுமை என எண்ணுவோர் உளர். ஹதீஸ் பயின்றோர் அவ்வாறு எண்ணார்.

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தியை இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியும் ஸஹீஹ் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. பந்தயத்திற்கெனப் பக்குவப்படுத்தப்பட்ட குதிரைகள் ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. பக்குவப்படுத்தப்படாதவை ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் கோத்திரத்தாரின் பள்ளிவாசல் வரையே ஓடின. முந்தையது ஐந்து அல்லது ஆறு மைல், பிந்தையது ஒரு மைல் என்று அறிவிப்பாளர்களுள் ஒருவரான ஸுஃப்யான் விளக்குகிறார். குதிரை எவ்வளவுக்குத் தாங்குமோ அவ்வளவே அதனிடம் கேட்கப்பட்டது என்பதை இங்கு நாம் கருத வேண்டும். இப்னு உமர் அவர்களே அப்பந்தயத்தில் குதிரை செலுத்தினார்கள். தாம் முந்தி வந்ததையும், குதிரை அடங்காது தம்மைச் சுமந்துகொண்டு பள்ளிவாசலையே தாவிச் சென்றதையும் அவர்கள் கூறுவதாக முஸ்லிமில் வருகிறது. பள்ளிவாசலை எல்லையாகக் கொண்டது குறும்பந்தயமே ஆதலால், அவர்கள் ஓடியது பக்குவப்படாத குதிரையின்மீது என்பது விளங்குகிறது. பக்குவப்படாத குதிரை நிறுத்திய இடத்தில் நிற்காது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை!

பக்குவப்படுத்துதல் என்று நாம் கூறியதை அரபியில் 'தள்மீர்' என்பர். குதிரைக்கு முதலில் நிறையத் தீனி கொடுத்துக் கொழுக்க வைப்பர். பின்னர்ப் படிப்படியாகத் தீனியைக் குறைப்பர். ஓர் அறையில் கட்டி, மேலே போர்வைகளைப் போர்த்தி, வியர்வை வழிந்து உலரும்படி விடுவர். இவ்வாறு வேண்டாத கொழுப்புக் கரைந்து, சதை இறுகி, மூச்சு நீளும். இப்பயிற்சிக்குரிய இடமே 'மிள்மார்'. இன்று அரபு நாடுகளில் ஓட்டப் பாதைக்கும், உருவக வழக்கில் எத்துறைக்கும் அச்சொல் வழங்குகிறது. சொல் விரிந்துவிட்டது, அதனுள் கிடந்த வியர்வை மறந்துவிட்டது.

குதிரையேறத் தெரியாமை இழிவன்று என்பதற்கும் ஹதீஸில் இடமுண்டு. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் அல்பஜலீ (ரலி) அவர்கள் தம் கோத்திரத்தில் மதிப்புடையவர், அழகிய தோற்றமுடையவர். அவர்களுக்குக் குதிரையின் மேல் நிலையாக அமர வரவில்லை. பெருமானாரிடம் அதனை மறைக்காமல் முறையிட்டார்கள். பெருமானார் அவர்கள் ஜரீரின் நெஞ்சில் தம் கையால் தட்டி, அவருக்கு உறுதியளிக்குமாறு இறைவனிடம் இறைஞ்சினார்கள். ஒரு குலத்தலைவர் தமக்குக் குதிரையில் அமரத் தெரியவில்லை என்று சொல்வது அக்கால அரபியரிடையே எளிய காரியமன்று. குதிரையின் நெற்றி மயிரைப் பெருமானார் தம் விரலால் முறுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டதாக அறிவிப்பவரும் இதே ஜரீர்தாம்.

பந்தயம் என்றாலே அரபியர்க்குக் குருதியின் நினைவும் எழும். அறியாமைக் காலத்தில் தாஹிஸ், ஃகப்ரா என்னும் இரு குதிரைகளை ஓட்டிப் பார்த்த ஒரு பந்தயத்தால் அப்ஸ், ஸுப்யான் என்னும் உறவுக் கோத்திரங்கள் இரண்டும் நாற்பது ஆண்டுகள் பொருதன என்பர். முந்தி வந்த தாஹிஸை வழியில் ஆட்களை மறைத்து வைத்து மடக்கினர் என்பதே சண்டையின் மூலம். ஒட்டகங்களைப் பணயம் வைத்த ஒரு மாலைப்பொழுது இரு தலைமுறைகளை விழுங்கிற்று.

இதனை மனத்திற் கொண்டு பார்த்தால்தான் ஃபிக்ஹு நூல்களில் பந்தயத்திற்கென ஒரு தனிப்பாடம் ஏன் எழுந்தது என்பது புலனாகும். இப்பாடத்தைத் தனி இயலாக முதன்முதலில் வகுத்தவர்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களே என்று அவர்களின் மாணவர் முஸனீ கூறியுள்ளார். நம் மத்ரஸாக்களில் ஓதப்பெறும் அபூ ஷுஜாஃவின் சிறுநூலிலும், நவவீ இமாமின் மின்ஹாஜிலும் இவ்வியல் உண்டு. குதிரையை அருகில் சென்று தொட்டும் அறியாத மாணவர்கள் ஆண்டுக்கு ஆண்டு இவ்வியலை ஓதி முடித்துச் செல்கின்றனர். ஆசிரியர்களாகிய நாமும் அவ்வாறே ஓதிக்கொடுத்து வருகிறோம்.

அதன் சாரம் வருமாறு. ஓட்டம் தொடங்குமிடமும் முடியுமிடமும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஓடும் குதிரைகள் இன்னின்னவை எனக் குறிக்கப்பட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வெல்லும் வாய்ப்பு இருக்க வேண்டும். ஒன்று தோற்பது முன்கூட்டியே உறுதியெனின் அது பந்தயமன்று. குதிரைகளை ஆளில்லாமல் அவிழ்த்துவிட்டு ஓடச்செய்வது கூடாது. மேலே ஆள் அமர்ந்து செலுத்த வேண்டும். பரிசை ஆட்சியாளரோ, போட்டியிடுவோருள் ஒருவரோ வைக்கலாம். இருவரும் வைத்தால் அது சூதாகும். ஆனால், எதுவும் வைக்காத மூன்றாமவர் ஒருவர் அவர்களுக்கு இணையான குதிரையுடன் உள்ளே வந்தால் சூது நீங்கும். அவர் வென்றால் எடுத்துக்கொள்வார், தோற்றால் எதுவும் இழக்கமாட்டார். அவருக்கு 'முஹல்லில்' என்று பெயர். இன்னொரு விதி நம்மைப் பெரிதும் கவர்வது: குதிரைக்குப் பின்னால் வேறோர் ஆளை ஓடவிட்டுக் கூச்சலிட்டு விரட்டுவதும், களைத்தால் மாறி ஏறுவதற்கென இன்னொரு குதிரையைப் பக்கத்தில் கொண்டு செல்வதும் தடுக்கப்பட்டன. ஓடுவது அந்தக் குதிரையாகவும் அந்த மனிதனாகவும் இருக்க வேண்டும்.

அரபியர் பந்தயத்தில் வந்த பத்துக் குதிரைகளுக்கும் பத்துப் பெயர் வைத்தனர். முதலில் வந்தது 'முஜல்லீ'. இரண்டாவது 'முஸல்லீ', முன்னதன் பின்தொடையை ஒட்டி இதன் தலை வருவதால் அப்பெயர். தொழுபவரையும் நாம் முஸல்லீ என்றே சொல்கிறோம்; இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பதை மொழியறிஞர் ஆய்ந்துள்ளனர். கடைசியாக வந்தது 'ஸுகைத்', அதாவது வாய் மூடி நிற்பது. தோற்றவன் பேச என்ன இருக்கிறது?

இனி, குதிரையை அறிவது எப்படி என்பதற்கு வருவோம். பஸராவின் பேரறிஞர்களான அஸ்மஈ, அபூ உபைதா ஆகிய இருவரும் குதிரையைப் பற்றி நூல் யாத்தவர்கள், ஒருவரையொருவர் பொறுக்காதவர்கள். ஹாரூன் ரஷீதின் அமைச்சர் ஃபள்ல் இப்னு ரபீஃ இருவரையும் அழைத்து, குதிரையைப் பற்றி எத்தனை பாகம் எழுதியுள்ளீர்கள் என்று வினவினார். அஸ்மஈ, ஒன்றே என்றார். அபூ உபைதா, ஐம்பது என்றார். உடனே ஒரு குதிரை கொண்டுவரப்பட்டது. இதன் ஒவ்வோர் உறுப்பிலும் கை வைத்து அதன் பெயரைச் சொல்லுங்கள் என்று அபூ உபைதாவிடம் கூறப்பட்டது. நான் குதிரை வைத்தியனல்லன், அரபியரிடம் கேட்டதை எழுதியவன் என்று அவர் விலகிக்கொண்டார். அஸ்மஈ எழுந்து, குதிரையின் நெற்றி மயிரைப் பற்றி, ஒவ்வோர் உறுப்பாகக் கை வைத்துப் பெயர் சொல்லி, அதற்குரிய பாடலையும் சொல்லிக்கொண்டே குளம்பு வரை வந்து முடித்தார். குதிரை அவருக்கே பரிசாயிற்று. அபூ உபைதாவுக்கு எரிச்சலூட்ட விரும்பும் போதெல்லாம் அக்குதிரையின் மீதேறித்தான் அவரைக் காணச் செல்வேன் என்று அஸ்மஈ பின்னாளில் சொன்னாராம்! அஸ்மஈ புலவர் மட்டுமல்லர், சற்றுக் குறும்பரும் ஆவார். இன்று காட்சிப் போட்டிகளில் புகுவோர்க்கு முதலிற் சொல்லப்படும் அறிவுரையும் இதுவே: ஏறுவதற்கு முன் தொடு, காலைத் தூக்கிக் குளம்பைப் பார், மேலெங்கும் கை தடவி எங்கே சூடு, எங்கே வீக்கம் என்று அறி.

மம்லூக் சுல்தான்கள் காலத்து எகிப்தில் குதிரையேற்றம் முறையான கல்வியாயிற்று. புதிதாக வந்த மாணவன் உயிருள்ள குதிரையை அணுகுவதற்கு முன் மரத்தாலோ களிமண்ணாலோ செய்த பொய்க் குதிரையின்மேல் தாவி ஏறப் பழகினான். முதலில் சேணமின்றி, பின்னர்ச் சேணத்துடன். அதன்பின் உண்மைக் குதிரை. அதிலும் முதலில் துணி மட்டும் போர்த்திய முதுகு. சேணம் பிடித்து ஏறப் பழகியவன் சேணத்தையே நம்புவான், முதுகில் பழகியவன் தன் தொடையை நம்புவான் என்பது அக்கலையின் அடிப்படை. சுல்தான் நாஸிர் முஹம்மத் இப்னு கலாவூன் அரபுக் குதிரைகளின்மேல் கொண்ட காதல் பெரிது. அவற்றைக் கொணர்ந்த பாலை அரபியர்க்கு அவர் வாரி வழங்கிய விலையை வரலாற்றாசிரியர் மக்ரீஸீ வியந்து எழுதுகிறார். அவருடைய இலாயத்து வைத்தியரான அபூபக்ர் இப்னு பத்ர் எழுதிய குதிரை வைத்திய நூல் சுல்தானின் பெயரால் 'நாஸிரீ' என்றே வழங்கியது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழிக்கும் சென்றது.

குலத்தைப் பற்றிச் சொல்லாமல் அரபுக் குதிரையைப் பற்றிச் சொல்ல முடியாது. மனிதர்க்கு வம்சாவளி எழுதியது போல் குதிரைகளுக்கும் எழுதினர். ஹிஷாம் இப்னு அல்கல்பீ எழுதிய 'அன்ஸாபுல் கைல்' அவ்வகையில் பழையது. ஸுலைமான் நபி (அலை) அவர்களைக் காணச் சென்ற அஸ்து கோத்திரத்தார்க்கு அவர்கள் அளித்த 'ஸாதுர் ராக்கிப்' என்னும் குதிரையிலிருந்து அரபுப் புரவிகளின் வழி தொடங்கிற்று என்பது அவர் தரும் கதை. பாலை அரபியரிடையே பிற்காலத்தில் குஹைலான், ஸக்லாவீ, உபய்யான், ஹம்தானீ, ஹத்பான் என ஐந்து பெருங்கிளைகள் சொல்லப்பட்டன. கிளை தாய் வழியே செல்லும். குட்டி தாயின் கிளைப் பெயரையே பெறும்.

இவ்வைந்து கிளைகளும் பெருமானார் தேர்ந்தெடுத்த ஐந்து பெண் குதிரைகளின் வழிவந்தவை என்றும், தாகத்தில் வாடவிட்ட குதிரைகளை நீருக்கு அவிழ்த்துவிட்டு, அழைப்புக் கேட்டவுடன் நீர் பருகாமல் திரும்பிய ஐந்தையே அவர்கள் தேர்ந்தார்கள் என்றும் ஒரு கதை மேனாட்டுக் குதிரை நூல்களிலெல்லாம் காணப்படுகிறது. ஸிஹாஹுஸ் ஸித்தா எனப்படும் ஆறு தொகுப்புகளில் எதிலும் இது இல்லை. குதிரையின் முகத்தைத் தம் மேலாடையால் துடைத்துவிட்டதாக முவத்தாவில் அறிவிக்கப்படும் பெருமானார், குதிரைகளைத் தாகத்தில் வாடவிட்டுச் சோதித்தார்கள் என்பதை நம் உள்ளமும் ஏற்கவில்லை. நல்ல நோக்கத்தோடு சொல்லப்பட்டாலும் பொய் பொய்யே.

குலப் பெருமைக்கு மார்க்கச் சட்டம் கொடுத்த இடம் எவ்வளவு என்பதை ஒரு நுட்பமான விவாதம் காட்டுகிறது. போர்ப் பொருள்களில் குதிரை வீரனுக்குக் குதிரைக்கெனத் தனிப்பங்கு உண்டு. அப்பங்கு, தாயும் தந்தையும் அரபு இனமாகிய தூய குதிரைக்கு மட்டுமா, கலப்பினத்துக்கும் பிற நாட்டுக் குதிரைக்கும் உண்டா என்பதில் அறிஞர்கள் வேறுபட்டனர். சிலர் அவற்றிற்குக் குறைத்தனர், சிலர் மறுத்தனர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் இரண்டுக்கும் ஒரே பங்கு என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் முடிவும் அதுவே. அரபுக் குதிரையாயினும் பிறவாயினும் பங்கு ஒன்றே என மின்ஹாஜ் தெளிவாகக் கூறுகிறது. அரபியரே வகுத்த சட்டம், அரபுக் குதிரையை உயிரினும் மேலாகப் போற்றிய நாட்டில் எழுந்த சட்டம், குலத்தை நோக்காமல் களத்தில் நின்றதை நோக்கிற்று. பிறப்பா, பணியா என்னும் இக்கேள்வி மேனாட்டுக் களங்களில் இன்றும் தீரவில்லை.

அரபுக் குதிரை மேனாடு சென்ற கதைக்கு எகிப்தே வாயில். 1848 முதல் 1854 வரை ஆண்ட அப்பாஸ் பாஷா, பாலைக் கோத்திரங்களிடம் ஆள் அனுப்பி, ஒவ்வொரு குதிரைக்கும் உரியவர்களின் வாய்மொழிச் சாட்சியத்தை எழுதி வாங்கினார். அவருக்குப் பின் அக்குதிரைகளுள் பல அலீ பாஷா ஷரீஃபின் இலாயத்தை அடைந்தன. அவரிடம் வாங்கியோருள் முதன்மையானோர் வில்ஃப்ரிட் பிளண்ட் என்னும் ஆங்கிலக் கவிஞரும் அவர் மனைவி ஆன் பிளண்ட் சீமாட்டியும். இருவரும் 1878இல் இங்கிலாந்தின் ஸஸெக்ஸ் பகுதியில் கிராபெட் என்னும் குதிரைப் பண்ணையைத் தொடங்கினர். 1879இல் நஜ்து நாட்டின் ஹாயில் வரை சென்றனர். அரபி மொழி கற்ற அச்சீமாட்டி 1917இல் கெய்ரோவில் காலமானார்.

இந்தப் பிளண்ட்தாம் எகிப்திய விடுதலை வீரர் அராபி பாஷாவுக்காக வாதாடியவர். பாஷா இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட பின் 1883இல் அங்குச் சென்று அவரைக் கண்டு, பின் சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களைச் சுற்றிப் பார்த்தார். கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் தோற்றத்தோடு அராபி பாஷாவை இணைத்து அறிந்த நம் வாசகர்கள், அதே நண்பர் வட்டத்திலிருந்தே அரபுக் குதிரையின் மேனாட்டு வரலாறும் கிளைத்தது என்பதை அறிந்திரார்.

அமெரிக்காவுக்கு 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியின் பொருட்டு உதுமானிய நாட்டிலிருந்து அரபுக் குதிரைகள் சென்றன. கொண்டு சென்ற குழுவினர் கடனில் மூழ்கினர், குதிரைகள் விற்கப்பட்டன. அவற்றுள் ஒன்றாகிய நெஜ்த்மீ என்னும் பெண் குதிரையே, 1908இல் தொடங்கிய அமெரிக்க அரபுக் குதிரைப் பதிவேட்டில் முதல் எண்ணைப் பெற்றது. 1906இல் ஹோமர் டேவன்போர்ட் என்னும் ஓவியர் சுல்தான் அப்துல் ஹமீதின் இசைவு பெற்று 27 குதிரைகளைக் கொண்டுசென்றார். அவற்றுள் வதூதா என்னும் குதிரையோடு அதனைப் பேணிய ஸயீத் அப்துல்லாஹ் என்னும் இளைஞரும் கடல் கடந்தார். இவ்விளைஞரின் பெயரை நாம் குறித்து வைத்துக்கொள்வோம், பின்னே தேவைப்படும்.

பதிவேடுகள் பெருகின. பிரிட்டனில் 1918இல் அரபுக் குதிரைச் சங்கம் எழுந்தது. 1972இல் உலக அரபுக் குதிரை நிறுவனம் தன் அமைப்புச் சட்டத்தை வகுத்தது. பாலைவனத்தில் கூடாரத்து வாயிலில் சொல்லப்பட்ட சாட்சியம் தாளாகி, பின்னர் இரத்தச் சோதனையாகி, இன்று மரபணுச் சோதனையாக மாறியுள்ளது. சாட்சி சொல்பவரின் நேர்மையை ஆராயும் வேலை ஆய்வுக்கூடத்துக்குச் சென்றுவிட்டது. ஹதீஸ் கலையின் 'ஜர்ஹு தஃதீல்' பயின்றவர்க்கு இம்மாற்றம் சுவையூட்டுவதாகும்.

போட்டிகள் இரு வகையின. ஒன்று, ஏறாமல் கயிற்றில் பிடித்துக் காட்டுவது. ஐரோப்பிய முறையில் இனச்சாயல், தலையும் கழுத்தும், உடலும் முதுகுக் கோடும், கால்கள், ஓட்டம் என ஐந்துக்கும் தனித்தனியே 20 வரை மதிப்பெண் இடுவர். மற்றொன்று ஏறிச் செலுத்துவது. இவ்விரண்டில் முன்னதன் புகழே உலகெங்கும் பரவியுள்ளது. கத்தாரில் 1992இல் நிறுவப்பட்ட அல்ஷகப் பண்ணையின் மர்வான் என்னும் ஆண் குதிரையின் பெயர் அறியாத குதிரைப் பிரியர் இலர். எனினும் இவ்வகைப் போட்டியில் நமக்கு மனக்குறை உண்டு. மூக்கிலும் கண்ணோரத்திலும் எண்ணெய் தடவிப் பளபளக்கச் செய்வது, தலை குழிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாய்ச் சேர்ப்பது, சாட்டையைக் காட்டிக் கழுத்தை நிமிரச் செய்வது ஆகியவற்றைப் போட்டி நடத்துவோரே விதி செய்து கட்டுப்படுத்த வேண்டிய நிலை வந்தது. முகம் அழகாயிருந்து கால் கோணினால் அக்குதிரை யாரைச் சுமக்கும்?

ஏறிச் செலுத்தும் வகையில் தொடங்குவோர்க்கு, அனுபவமுடையோர் கூறும் வழி எளியது. பரிசுக் குலத்து இளங்குதிரையை வாங்காதே. பல களம் கண்டு அமைதியடைந்த முதிர்ந்த குதிரையைத் தேடு. தொடங்குபவனும் புதியவன், குதிரையும் புதியது எனின் இருவருக்கும் ஆசிரியர் இல்லை. முதலில் உள்ளூர்ச் சங்கத்தின் சிறு போட்டியைப் பார்வையாளனாகச் சென்று பார். விதிநூலை வாசி, சேணம், கடிவாளம், ஆடை ஒவ்வொன்றும் பிரிவுக்குப் பிரிவு வேறுபடும். களத்தில் எல்லாக் குதிரைகளும் ஒன்றாகச் சுற்றிவரும். நடை, துள்ளோட்டம், மென்பாய்ச்சல் என அறிவிப்புக்கேற்ப மாற்ற வேண்டும். பின்னர்த் திசை மாற்றி மறுபுறமாகவும் அவ்வாறே. கடைசியில் வரிசையாக நிற்கச் செய்வர். அப்போது சில அடி பின்வாங்குமாறும் கேட்கலாம். இனிதே செல்லுதல் என்று பொருள்படும் பிரிவுகளில் நடுவர் நோக்குவது வேகத்தையன்று. குதிரை விரும்பிச் செல்கிறதா, வாய் இழுபடாமல் செல்கிறதா என்பதையே. நிறுத்திய இடத்தில் அசையாமல் நிற்கும் குதிரைக்கு மதிப்பு மிகுதி. பனூ ஸுரைக் பள்ளிவாசலைத் தாவிய குதிரை இங்கே பரிசு பெறாது.

அரபு உடைப் பிரிவு என்றும் ஒன்றுண்டு. குஞ்சங்களும் சரிகையும் தொங்கும் ஆடை அணிந்து மேனாட்டார் பாய்ந்து வருவர். எந்தப் பாலைவனத்திலும் எவரும் அணிந்திராத ஆடை அது. கண்டு மகிழலாம், வரலாறு என்று நம்ப வேண்டாம்.

நம் உள்ளத்துக்கு நெருக்கமானது வேறொன்று. 1955இல் வெண்டல் ரோபி என்பவர் கலிபோர்னியா மலைகளில் ஒரே நாளில் 100 மைல் குதிரையில் கடந்து காட்டினார். அவர் ஏறியது பண்டோஸ் என்னும் அரபுக் குதிரை. டெவிஸ் கிண்ணம் என்னும் நெடுந்தூரப் போட்டி அதிலிருந்து பிறந்தது. வழிநெடுக வைத்தியர்கள் குதிரையைச் சோதிப்பர்; தாங்காத குதிரையை அங்கேயே நிறுத்துவர். 1964 முதல் இன்னொரு கிண்ணமும் உண்டு. முந்தி வந்த பத்துக் குதிரைகளுள் உடல்நிலை மிகச் சிறந்ததற்கு அது உரியது. முந்தியவனுக்கு ஒன்று, பேணியவனுக்கு ஒன்று. தள்மீர் செய்த அரபியர் கண்டால் இரண்டாவதையே விரும்பியிருப்பர் என்று நமக்குத் தோன்றுகிறது.

பேணுதல் என்னும் சொல் நம்மை நம் கரைக்கே கொண்டுவருகிறது. கடல் வழியே குதிரை வந்ததைப் பட்டினப்பாலை அறியும். பாண்டியன் கொடுத்த பொன்னுடன் குதிரை வாங்கச் சென்ற அமைச்சரின் கதை மாணிக்கவாசகர் வரலாற்றில் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் இவ்வாணிகம் உச்சத்தை அடைந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மஅபர் உள்ளிட்ட இந்தியக் கரைகளுக்கு ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் அனுப்பப்பட்டதாக எழுதுகிறார். கைஸ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் தம் சொந்த இலாயத்திலிருந்து 1,400 குதிரைகள் அனுப்பினார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியர் விலை கொடுத்தனர். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராக இருந்தார்; காயலும் அவர் பொறுப்பிலிருந்த துறைமுகங்களுள் ஒன்று.

1290களின் தொடக்கத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ சொல்வது கசப்பானது. ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் ஓர் அரசன் வாங்குகிறான். ஆண்டு முடிவில் 100கூட எஞ்சுவதில்லை. பேணத் தெரியாமல் அவை மடிகின்றன. இலாடம் அடிக்கவும் நோய் தீர்க்கவும் வல்லோர் இந்நாட்டில் இல்லை. அத்தகையோரைக் குதிரை வணிகர்கள் கொண்டுவருவதுமில்லை, வரவிடுவதுமில்லை. குதிரைகள் இறந்தால்தானே மீண்டும் விற்கலாம் என்பது அவர்கள் கணக்கு என்கிறார் போலோ. தட்பவெப்பமும் காரணமாகலாம் என்று அவரே கருதுகிறார். நல்ல குதிரைக்கு நல்ல குதிரையைச் சேர்த்தாலும் இங்கே பிறக்கும் குட்டி கால் கோணிப் பயனற்றுப் போகிறது என்றும் குறிக்கிறார். வறுத்த தானியத்தையும் நெய் கலந்த உணவையும் காய்ச்சிய பாலையும் கொடுத்து, நெடுநாள் கட்டி வைத்து, பின் பயிற்சியின்றி விரட்டி ஏறுகிறார்கள் என வஸ்ஸாஃபும் எழுதுவதால், பேணுதலில் குறை இருந்தது உறுதியாகிறது.

வணிகர்மேல் போலோ சாட்டும் குற்றம் ஓர் அயலாரின் கூற்று. சந்தைப் பேச்சாகவும் இருக்கலாம். ஆயினும் அவ்வணிகர்கள் நம் மார்க்கத்தார் என்பதற்காக அதனை நாம் மறைத்துப் பேசுவது முறையன்று. ஈராக்கில் அப்பாஸியரின் குதிரை மேலாளர் இப்னு அகீ ஹிஸாம் குதிரை வைத்தியத்துக்கு நூல் எழுதி, போலோ காயலுக்கு வந்தபோது ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அரபி அறிந்த அமைச்சர் பாண்டியன் அவையிலேயே இருந்தார். மரக்கலத்தில் ஆயிரக்கணக்கில் குதிரைகள் ஏறின. ஸயீத் அப்துல்லாஹ்வைப் போல் குதிரையோடு வந்து, தங்கி, இலாடம் அடிக்கவும் நோய் பார்க்கவும் இந்நாட்டாருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒருவரின் பெயரும் நமக்கு எட்டவில்லை.

வந்து எஞ்சியவை சொற்களே. 'சவாரி' பாரசீகம், 'லகான்' பாரசீகம். குதிரை வீரரைக் குறித்த 'இராவுத்தர்' என்னும் பெயர் தமிழ் முஸ்லிம்களில் ஒரு பெருங்கூட்டத்தார்க்கு இன்றும் குடிப்பெயராக வழங்குகிறது.